டெஸ்லா சுருளுக்கு ஒரு சுழல் பொறி இடைவெளி: பெங்களூரில் தொடங்குபவர்களுக்கு

நிலையான பொறி இடைவெளியில் டெஸ்லா சுருளை ஓட்டிப் பார்த்தவர்கள் அடுத்ததாக விசாரிப்பது சுழல் இடைவெளியைப் பற்றித்தான். இந்தக் கட்டுரை அவர்களுக்காக எழுதியது. இதுவரை ஒரு சுருளைக்கூட ஓட்டிப் பார்க்காதவர்கள் முதலில் இரண்டு செப்புக் குழாய்களை வைத்து நிலையான இடைவெளி ஒன்றைச் செய்யுங்கள். அதில் முதன்மைச் சுருளைத் துணைச் சுருளோடு ஒத்ததிர வையுங்கள். சுருள் ஒத்ததிராத நிலையில் சுழல் இடைவெளியைப் பொருத்தினால் கோளாறு சுருளிலா, மோட்டாரிலா, மின்முனையிலா என்று கண்டுபிடிக்கவே முடியாது.

பொறி இடைவெளி என்பது ஒரு சுவிட்ச். டிரான்ஸ்ஃபார்மர் கெபாசிட்டரை நிரப்புகிறது. மின்னழுத்தம் போதிய அளவுக்கு உயர்ந்ததும் இடைவெளியில் பொறி பாய்கிறது. அந்தக் கணத்தில் கெபாசிட்டரும் முதன்மைச் சுருளும் ஒரே சுற்றாக இணைந்து, சில நூறு கிலோஹெர்ட்ஸில் ஊசலாடத் தொடங்குகின்றன. துணைச் சுருள் அந்த ஆற்றலை எடுத்துக்கொண்டதும் பொறி அணைய வேண்டும். நிலையான இடைவெளியில் எப்போது பாய்வது, எப்போது அணைவது என்பதைக் காற்றும் வெப்பமுமே பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. சுழல் இடைவெளியில் அதை நீங்கள் தீர்மானிக்கிறீர்கள். சுழலும் வட்டின் மின்முனை, நிற்கும் மின்முனைக்கு அருகே வரும்போது மட்டுமே பொறி பாயும், விலகியதும் அணையும். 1899-இல் கொலராடோ ஸ்பிரிங்ஸில் டெஸ்லா இந்த வழியைப் பயன்படுத்தினார். 1912-இல் மூழ்கிய டைட்டானிக் கப்பலின் 5 கிலோவாட் கம்பியில்லாத் தந்திக் கருவியிலும் இப்படிப்பட்ட சுழல் வட்டு ஒன்று இருந்தது.

மின்சாரத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதுதான்: சுழல் பொறி இடைவெளி முதலில் ஒரு சுழலும் இயந்திரம், பிறகுதான் மின்கருவி. புதியவர்கள் உயர் மின்னழுத்தத்துக்குப் பயப்படுகிறார்கள், அது சரியே. ஆனால் மார்பு உயரத்தில் சுற்றும் வட்டுக்கு அவர்கள் அதே அளவு பயப்படுவதில்லை. கீழே வரும் தேர்வுகள் எல்லாமே வட்டு சிதறக்கூடாது என்ற ஒரே கவலையிலிருந்து பிறந்தவை.

வேகம்

நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி கொண்டது. ஒவ்வொரு சுழற்சியிலும் மின்னழுத்தம் நேர்த்திசையில் ஒரு முறையும் எதிர்த்திசையில் ஒரு முறையும் உச்சத்தைத் தொடுகிறது. ஆக விநாடிக்கு 100 உச்சங்கள். ஒவ்வோர் உச்சத்துக்கும் ஒரு பொறி என்று வைத்துக்கொண்டால் விநாடிக்கு 100 பொறிகள் வேண்டும். அமெரிக்க வரைபடங்களில் 120 என்று இருப்பதைப் பார்ப்பீர்கள். அங்கே மின்சாரம் 60 சுழற்சி என்பதால் வந்த கணக்கு அது. அதை அப்படியே எடுத்தால் இங்கே எதுவும் பொருந்தாது.

கணக்கு எளிது. நிமிடச் சுற்றை 60-ஆல் வகுத்து, ஒரு சுற்றில் மின்முனைகள் எத்தனை முறை நேருக்கு நேர் வருகின்றனவோ அந்த எண்ணால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 1500 சுற்று, வட்டில் 4 மின்முனைகள் என்றால் 25 × 4 = 100. நிமிடத்துக்கு 3000 சுற்று, 2 மின்முனைகள் என்றாலும் 100-தான். இரண்டில் எது என்று கேட்டால், தயங்காமல் 1500 என்பேன். காரணத்தை எண்களே சொல்லும்.

மையத்திலிருந்து 90 மி.மீ. தொலைவில் ஒரு மின்முனை இருக்கிறது; பித்தளைப் பிடிப்போடு சேர்த்து அதன் எடை 25 கிராம் என்று கொள்வோம். 1500 சுற்றில் அது வட்டை வெளிப்புறமாக இழுக்கும் விசை சுமார் 55 நியூட்டன். ஐந்தரைக் கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். 3000 சுற்றில் 22 கிலோவைத் தாண்டும். பழைய மிக்சி மோட்டாரையோ கையில் பிடிக்கும் கிரைண்டரையோ வைத்து 10,000 சுற்றில் ஓட்டினால் அதே 25 கிராம் துண்டு ஏறத்தாழ 250 கிலோ விசையுடன் இழுக்கும். கழன்று பறந்தால் விநாடிக்கு 94 மீட்டர் வேகத்தில் போகும். கார்பன் பிரஷ் உள்ள இந்த வகை மோட்டார்கள் சுமை இல்லாதபோது எந்த வேகத்துக்கும் ஏறக்கூடியவை. அவற்றைப் பயன்படுத்தாதீர்கள். மிக்சி மோட்டார் எந்த வீட்டிலும் கிடைக்கும் என்பது அதற்கு ஒரு தகுதி ஆகாது.

மெதுவாகச் சுற்றினால் பொறி சரியாக அணையாதே என்ற கேள்வி வரும். 1500 சுற்றில் மின்முனையின் நுனி விநாடிக்கு சுமார் 14 மீட்டர் நகர்கிறது. 3.2 மி.மீ. தடிமனுள்ள இரண்டு முனைகள் ஒன்றையொன்று கடக்க 450 மைக்ரோவிநாடி ஆகும். 200 கிலோஹெர்ட்ஸ் சுருளில் ஆற்றல் முதன்மையிலிருந்து துணைச் சுருளுக்குப் போய்ச் சேர அதைவிட மிகக் குறைந்த நேரமே போதும் என்பது உண்மைதான். ஆனால் சில நூறு வாட் அளவுள்ள சுருளில் பொறியில் ஆற்றல் தீர்ந்ததும் அது தானாக அணைகிறது. சுழலும் வட்டு கிளப்பும் காற்றும் கைகொடுக்கிறது. இந்த அளவில் வேகத்தைக் கூட்டிப் பெறும் லாபம், அதற்காக ஏற்கும் ஆபத்துக்கு ஈடாகாது.

டிரான்ஸ்ஃபார்மரும் கெபாசிட்டரும்

இங்கே ஒரே ஒரு எடுத்துக்காட்டை வைத்துப் பேசுகிறேன்: 10 கிலோவோல்ட், 30 மில்லிஆம்பியர் நியான் விளக்கு டிரான்ஸ்ஃபார்மர். இரும்பு உள்ளகம் கொண்ட பழைய கனமான வகையாக இருக்க வேண்டும். கையடக்கமாக, எடையே இல்லாமல் வரும் எலெக்ட்ரானிக் வகை உதவாது. பழைய வகையில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் காந்தத் தடுப்பு உள்ளேயே இருக்கிறது. மைக்ரோவேவ் அடுப்பின் டிரான்ஸ்ஃபார்மரில் அது இல்லை. சுமார் 2 கிலோவோல்ட்டில் ஆளைக் கொல்லும் அளவைவிடப் பல மடங்கு மின்னோட்டம் தரும். தொடங்குபவர்கள் அதைத் தொடவே வேண்டாம்.

இந்த டிரான்ஸ்ஃபார்மர் 50 சுழற்சியில் ஒத்ததிரும் கெபாசிட்டர் மதிப்பு சுமார் 9.5 நானோஃபாரட். அந்த மதிப்பையே வைத்தால் மின்னழுத்தம் எல்லை மீறி ஏறி டிரான்ஸ்ஃபார்மரின் காப்பைத் துளைக்கும். ஒத்திசைவு இடைவெளிக்கு, அதாவது மின்சாரத்தின் உச்சங்களோடு பொருந்திச் சுற்றும் இடைவெளிக்கு, அதைப்போல இரண்டரை மடங்குக்குச் சற்று மேல், அதாவது 25 நானோஃபாரட் பொருத்தம். உச்ச மின்னழுத்தம் 14 கிலோவோல்ட் என்று கொண்டால் ஒவ்வொரு பொறிக்கும் 2.5 ஜூல், விநாடிக்கு 100 பொறிக்கு 250 வாட். 300 வோல்ட்-ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மரால் இதைத் தாங்க முடியும். முதன்மைச் சுருளின் மதிப்பு 25 மைக்ரோஹென்றி அளவில் இருந்தால், பொறி பாயும் கணத்தில் இடைவெளி வழியே 440 ஆம்பியர் அளவுக்கு மின்னோட்டம் உச்சம் தொடும். மின்முனைகள் ஏன் சூடாகின்றன என்பது இந்த எண்ணைப் பார்த்தால் புரியும். இணைப்புகளுக்கு மெல்லிய வயர் கூடாது. அகலமான செப்புப் பட்டையைக் கூடுமானவரை குட்டையாகப் பயன்படுத்துங்கள்.

ஒத்திசையாத இடைவெளியை, அதாவது மின்சாரத்தின் உச்சத்தைப் பற்றிக் கவலைப்படாமல் ஏதோ ஒரு வேகத்தில் சுற்றும் இடைவெளியை, நியான் டிரான்ஸ்ஃபார்மரோடு இணைக்காதீர்கள். பொறி தவறான நேரத்தில் பாயும். பாயாத இடங்களில் மின்னழுத்தம் குவியும். நியான் டிரான்ஸ்ஃபார்மரின் மெல்லிய சுற்றுகள் அதை வெகுநாள் தாங்காது.

மோட்டார்

ஒத்திசைவு வேண்டுமானால் மோட்டார் துல்லியமாக 1500 சுற்றில் ஓட வேண்டும். சாதாரண நான்கு துருவ இண்டக்‌ஷன் மோட்டார் 1440 அல்லது 1400 சுற்றில்தான் ஓடும். சற்றுப் பின்தங்கி ஓடுவது அதன் இயல்பு. அந்தப் பின்தங்கல் இருக்கும்வரை பொறி உச்சத்தை விட்டு நகர்ந்துகொண்டே போகும்.

சிறிய சிங்க்ரனஸ் மோட்டார் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால், கெபாசிட்டரோடு எப்போதும் இணைந்தே ஓடும் வகையைச் சேர்ந்த 1400 சுற்று எக்ஸாஸ்ட் ஃபேன் மோட்டாரை எடுத்து அதன் ரோட்டரில் மாற்றம் செய்யலாம். ரோட்டரின் வெளிப்பரப்பில் 90 பாகை இடைவெளியில் நான்கு தட்டையான முகங்களைச் சீவ வேண்டும். அப்படிச் சீவினால் ரோட்டருக்குக் காந்தப்புலத்தோடு பூட்டிக்கொள்ள நான்கு முனைப்புகள் கிடைக்கின்றன. இண்டக்‌ஷன் மோட்டாராகத் தொடங்கி, 1500-ஐ நெருங்கியதும் பூட்டிக்கொள்கிறது. இரு முனைகளிலும் உள்ள அலுமினிய வளையங்கள் அறுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவை போனால் மோட்டார் தொடங்காது. முதலில் குறைவாகச் சீவுங்கள், ஓட்டிப் பாருங்கள், பூட்டாவிட்டால் இன்னும் சற்றுச் சீவுங்கள். அதிகம் எடுத்துவிட்டால் திருப்பி வைக்க வழியில்லை. மாற்றம் செய்த மோட்டார் முன்னைவிட அதிகம் சூடாகும். தொடர்ந்து நெடுநேரம் ஓட்டாதீர்கள்.

பூட்டிவிட்டதா என்று அறிய விலையுயர்ந்த கருவி தேவையில்லை. வட்டில் ஒரே ஒரு வெள்ளைக் கோடு வரையுங்கள். இருட்டறையில், 230 வோல்ட்டில் எரியும் சிறிய நியான் விளக்கின் ஒளியில் அதைப் பாருங்கள். அந்த விளக்கு விநாடிக்கு 100 முறை மின்னுகிறது. வட்டு 25 முறை சுற்றுகிறது. எனவே பூட்டிய மோட்டாரில் நான்கு கோடுகள் அசையாமல் நிற்பதுபோல் தெரியும். கோடுகள் மெல்லப் பின்னோக்கி நகர்ந்தால் மோட்டார் பின்தங்குகிறது என்று பொருள். 1440 சுற்றில் ஓடும் மோட்டாரில் அந்த நகர்வு விநாடிக்கு ஒரு முழுச் சுற்று இருக்கும்.

வட்டு

எஸ்.பி. ரோட்டில் எலெக்ட்ரானிக் உதிரிகளைத் தேடி அலைந்தவர்களுக்கு அங்கே மின்காப்புத் தகடுகளும் கிடைக்கும் என்பது தெரிந்திருக்கும். கடைக்காரரிடம் கிளாஸ் எபாக்சி என்று கேளுங்கள், ஜி-10, எஃப்.ஆர்-4 என்ற பெயர்களும் அதையே குறிக்கும். வெளிர் பச்சையோ மஞ்சளோ கலந்த நிறத்தில் இருக்கும். ஹைலம் என்று சொல்லப்படும் பழுப்புத் தகடு மலிவு; ஆனால் அதன் மேற்பரப்பில் பொறி ஒருமுறை ஓடினால் கரிக்கோடு பதிந்துவிடும்; அடுத்த பொறி அந்தக் கோட்டிலேயே ஓடும். அக்ரிலிக் கண்ணாடிபோல் அழகாக இருக்கும், கண்ணாடியைப் போலவே சிதறும். வேண்டவே வேண்டாம். மரப்பலகை ஈரத்தை உறிஞ்சும். ஜூன் முதல் அக்டோபர்வரை இந்த ஊரில் அதற்குக் குறைவில்லை.

தடிமன் 8 மி.மீ., விட்டம் 220 மி.மீ. மின்முனைகளுக்கான நான்கு துளைகள் 180 மி.மீ. விட்ட வட்டத்தில், சரியாக 90 பாகை இடைவெளியில். விளிம்புக்கும் துளைக்கும் நடுவே குறைந்தது 15 மி.மீ. பொருள் இருக்க வேண்டும். இந்தத் துளைகளைக் கைத்துளைப்பானால் போடாதீர்கள். பீன்யாவில் சிறிய லேத் பட்டறைகளும் சி.என்.சி. பட்டறைகளும் தெருத்தெருவாக இருக்கின்றன. ஓசூர், தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்து வேலை செய்யும் தமிழர்கள் பலரை அங்கே பார்க்கலாம். வரைபடத்தை மட்டும் நீட்டாமல், "அண்ணா, இது நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றப்போகிற வட்டு" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒரு நல்ல டர்னருக்கு அந்த ஒரு வாக்கியம் போதும். துளையின் விளிம்பில் கூர்மை இருக்கக்கூடாது, மையத்துளை தளர்வாக இருக்கக்கூடாது என்பதை அவரே கவனிப்பார். பட்டறைக்காரர் உங்கள் வரைபடத்தில் குறை சொன்னால் அதைக் காது கொடுத்துக் கேளுங்கள். இரும்பையும் பித்தளையையும் தினமும் சுழற்றுகிறவருக்குத் தெரிந்தது நம் கணக்குப் புத்தகத்தில் இருக்காது.

வட்டை மோட்டார் தண்டோடு இணைக்கும் அலுமினிய மையப்பிடியையும் அவரே கடைந்து தரட்டும். தண்டில் சிறிய தட்டை முகம் போட்டு, அதன்மேல் இரண்டு கிரப் ஸ்குரூ இறுக்க வேண்டும். ஒன்று போதாது. வட்டைப் பொருத்தியதும் அளவுமானியை விளிம்பில் வைத்துக் கையால் சுற்றிப் பாருங்கள். பக்கவாட்டு ஆட்டம் 0.1 மி.மீ. அளவுக்குள் இருந்தால்தான் பொறி இடைவெளியைச் சிறிதாக வைக்க முடியும். கிளாஸ் எபாக்சியை நீங்களே அறுக்க நேர்ந்தால் முகக்கவசம் அணிந்து, தண்ணீர் விட்டு அறுங்கள். அதன் தூசியில் கண்ணாடி இழை இருக்கிறது.

மின்முனைகள்

டிக் வெல்டிங்குக்கு விற்கும் டங்ஸ்டன் கம்பியே நமக்கு வேண்டியது. 3.2 மி.மீ. தடிமன் எடுங்கள். நுனியில் பூசிய நிறத்தைப் பார்த்து வாங்குங்கள். சிவப்பு நுனியில் தோரியம் கலந்திருக்கிறது. அது கதிரியக்கப் பொருள். தீட்டும்போதும் பொறியில் தேயும்போதும் எழும் தூசியை மூச்சில் இழுப்பது நல்லதல்ல. பொன்னிறம் அல்லது நீல நுனியுள்ள லந்தனம் வகையோ, சாம்பல் நுனியுள்ள சீரியம் வகையோ போதும். டங்ஸ்டன் மிகக் கடினமானது, அதே சமயம் முறியக்கூடியது. அதில் மரை போட முடியாது, வளைக்கவும் முடியாது. வைரச் சக்கரத்தால் 35 மி.மீ. துண்டுகளாக வெட்டிக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பித்தளைப் பிடிப்பு. ஒரு பக்கம் 14 மி.மீ. விட்டமும் 8 மி.மீ. உயரமும் உள்ள தோள். மறுபக்கம் வட்டின் துளைக்குள் நுழையும் எம்-8 மரை. நடுவில் கம்பி நுழைய 3.2 மி.மீ. துளை. தோளில் இரண்டு எம்-4 கிரப் ஸ்குரூக்கள் கம்பியைக் கவ்வும். வட்டின் பின்புறம் ஸ்பிரிங் வாஷரும் நட்டும். இப்படிச் செய்தால் கம்பி வட்டுக்கு இருபுறமும் சில மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும். நிற்கும் மின்முனைகள் இரண்டும் வட்டின் இருபுறமும் நேருக்கு நேர் நிற்கும். சுழலும் கம்பி அவற்றுக்கு நடுவே வரும்போது ஒரே நேரத்தில் இரண்டு சிறிய இடைவெளிகளில் பொறி பாயும். ஒரே நீண்ட இடைவெளியைவிட இப்படித் தொடராக இரண்டு இருப்பது பொறியை அணைக்க உதவும்.

நான்கு பிடிப்புகளையும் கம்பியோடு சேர்த்து நகை எடை போடும் சிறிய தராசில் நிறுத்து, 0.1 கிராமுக்குள் சமப்படுத்துங்கள். கூடுதலானதை அரத்தால் தேய்த்தால் போதும்.

நிற்கும் மின்முனைகளுக்கு இன்னும் தடித்த டங்ஸ்டன் கிடைத்தால் அதையே போடுங்கள். சுழலும் நான்கும் ஒவ்வொன்றும் விநாடிக்கு 25 பொறிகளைத்தான் சந்திக்கின்றன, காற்றிலும் குளிர்கின்றன. நிற்கும் இரண்டும் 100 பொறிகளையும் தாங்குகின்றன. அதனால் அவற்றைக் கனமான பித்தளைக் கட்டையில் பதித்து, கட்டையைக் கிளாஸ் எபாக்சி அல்லது டெஃப்லான் தூணில் நிறுத்துங்கள். பிளாஸ்டிக் தூண் இளகி, மின்முனை சுழலும் கம்பியின் வழியில் சாய்ந்தால் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கட்டையில் மரையுள்ள நகர்த்தியும் அதைப் பூட்ட லாக் நட்டும் இருக்கட்டும்.

எடைச் சமன்

வட்டும் மின்முனைகளும் பொருந்திய பிறகு, ஒரு நேரான தண்டில் அதைக் கோர்த்து, மட்டமாக வைத்த இரண்டு கத்தி விளிம்புகளின்மேல் தண்டை உருளவிடுங்கள். கனமான பக்கம் கீழே வந்து நிற்கும். அந்தப் பக்கத்தில் பிடிப்பின் தோளிலிருந்து சிறிது பித்தளையை எடுங்கள். எந்த நிலையில் விட்டாலும் வட்டு அப்படியே நிற்கும்வரை இதைச் செய்யுங்கள். இதைப் பொறுமையாகச் செய்து முடிக்க ஒரு மாலை ஆகும், ஆகட்டும்.

கவசத்தைப் பற்றி விவாதமே கிடையாது. மின்சாரம் இணைக்காமல் வெறும் மோட்டாரை ஓட்டிப் பார்க்கும் முதல் முறையிலிருந்தே கவசம் இருக்க வேண்டும். வட்டின் தளத்தைச் சுற்றி எல்லாத் திசையிலும் 18 மி.மீ. பிளைவுட் பெட்டி; பார்ப்பதற்கு 6 மி.மீ. பாலிகார்பனேட் சன்னல். காற்று போக வழி விடுங்கள், ஆனால் வட்டின் தளத்துக்கு நேராக ஓட்டை இருக்கக்கூடாது. பொறியின் ஒளியில் புற ஊதாக் கதிரும் உண்டு என்பதால் வெறும் கண்ணால் நேராக உற்றுப் பார்க்க வேண்டாம். மாடிவீட்டுக் குழந்தைகள் வேடிக்கை பார்க்க ஓடிவருவார்கள். பெட்டி அவர்களுக்காகவும்தான்.

இடைவெளி எவ்வளவு?

சுழலும் கம்பிக்கும் நிற்கும் முனைக்கும் இடையே, மோதாத அளவுக்கு மிகக் குறைவாக. ஆட்டம் 0.1 மி.மீ. என்றால் ஒவ்வொரு பக்கமும் 0.8 மி.மீ. வைக்கலாம். வாகனங்களின் ஸ்பார்க் பிளக் இடைவெளி பார்க்கும் ஃபீலர் கேஜ் இதற்குப் போதும். நான்கு கம்பிகளையும் ஒவ்வொன்றாகக் கையால் சுற்றி அளவெடுங்கள்; ஒன்றை மட்டும் அளந்துவிட்டு மற்றவையும் அப்படித்தான் என்று நம்பாதீர்கள்.

சென்னையில் செய்தவரின் அளவை இங்கே எடுத்துக்கொள்பவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். பெங்களூர் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் கடற்கரையைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. கடற்கரையில் ஒரு மில்லிமீட்டர் காற்று ஏறத்தாழ 3 கிலோவோல்ட் தாங்கினால் இங்கே 2.7 அளவுதான் தாங்கும். சுழல் இடைவெளிக்கு இது பெரிய சிக்கல் இல்லை. மின்னழுத்தம் எல்லை மீறினால் தானே பொறி பாய்ந்து டிரான்ஸ்ஃபார்மரைக் காக்கும் பாதுகாப்பு இடைவெளிக்குத்தான் முக்கியம். டிரான்ஸ்ஃபார்மரின் முனைகளுக்குக் குறுக்கே, நடுவில் எர்த் இணைந்த கம்பத்தோடு வைக்கும் அந்த இடைவெளியை வேறு ஊர் அட்டவணை பார்த்து வைக்காதீர்கள். சுருளைக் கழற்றிவிட்டு, டிரான்ஸ்ஃபார்மரை மட்டும் முழு மின்னழுத்தத்தில் ஓட்டி, பொறி பாய்வது நிற்கும்வரை சிறிதுசிறிதாக விரியுங்கள். ஒவ்வொரு முறையும் பிளக்கைப் பிடுங்கி, மின்னிறக்கிய பிறகே கை வைக்க வேண்டும்.

ஃபேஸ் பொருத்துதல்

மோட்டார் 1500-இல் பூட்டிவிட்டது என்பது பாதி வேலை. மின்முனைகள் நேருக்கு நேர் வரும் கணம், கெபாசிட்டரின் மின்னழுத்தம் உச்சம் தொடும் கணத்தோடு ஒத்துப்போக வேண்டும். கெபாசிட்டர் பெரியதாக இருப்பதால் அந்த உச்சம் வீட்டு மின்சாரத்தின் உச்சத்தோடு சரியாகப் பொருந்தாது. ஆகவே கணக்கைவிடக் கண்ணை நம்பிப் பொருத்துவதே எளிது. மோட்டாரின் உடலை அதன் தண்டைச் சுற்றித் திருப்பி இறுக்கும்படி வளைந்த காடியுள்ள தாங்கி ஒன்றைச் செய்யுங்கள். நான்கு துருவ மோட்டாரில் உடலை ஒரு பாகை திருப்பினால் மின்சாரத்தில் இரண்டு பாகை நகரும். 90 பாகை திருப்பினால் முழு அரைச்சுழற்சியும் அடங்கிவிடும், அதற்குமேல் காடி தேவையில்லை. மோட்டாரை நிறுத்தி மறுபடி ஓட்டும்போது ரோட்டர் வேறொரு நிலையில் பூட்டினாலும் கவலையில்லை. நான்கு முனைப்புகளும் நான்கு மின்முனைகளும் ஒரே ஒழுங்கில் இருப்பதால் பொறியின் நேரம் மாறாது.

மும்முனை இணைப்புள்ள வீட்டில் ஒரு சூட்சுமம் உண்டு. கூடத்துப் பிளக் ஒரு ஃபேஸிலும் சமையலறைப் பிளக் வேறொரு ஃபேஸிலும் இருக்கலாம். மோட்டாரையும் டிரான்ஸ்ஃபார்மரையும் வெவ்வேறு அறைகளில் செருகினால், பொருத்தி வைத்த நேரம் 120 பாகை தள்ளிப்போகும். இரண்டையும் எப்போதும் ஒரே இடத்திலிருந்து எடுங்கள். மின்தடை நேரத்தில் வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்காதீர்கள். பலவற்றின் அலை சதுரமாக இருக்கும், மோட்டாருக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் அது ஒவ்வாது.

இணைப்பும் உயிரும்

இடைவெளியை டிரான்ஸ்ஃபார்மரின் குறுக்கே வையுங்கள். கெபாசிட்டர் முதன்மைச் சுருளோடு தொடரில் இருக்கட்டும். அதிக அதிர்வெண் அலைகள் டிரான்ஸ்ஃபார்மருக்குத் திரும்பிப் போவது இந்த அமைப்பில் குறையும். இடையில் வயர்வவுண்ட் தடைகள் கொண்ட வடிகட்டி ஒன்றும் வேண்டும். கெபாசிட்டர் வரிசையில் ஒவ்வொன்றின் குறுக்கேயும் 10 மெகாஓம் தடை போடுங்கள். நிறுத்திய பிறகு மின்னூட்டம் தேங்காமல் அது வடித்துவிடும். இருந்தாலும் காப்பிட்ட கோலால் மின்னிறக்கிவிட்டே தொடுங்கள்.

வீட்டில் மின்கசிவைக் கண்டதும் மின்சாரத்தை அறுக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறது, அது காப்பாற்றும் என்று நினைக்க வேண்டாம். டிரான்ஸ்ஃபார்மரின் உயர் மின்னழுத்தப் பக்கத்தை நீங்கள் தொட்டால், அந்த மின்னோட்டம் அந்தப் பக்கத்துக்குள்ளேயே சுற்றித் திரும்புகிறது. ஆர்.சி.சி.பி.க்கு அது தெரியவே தெரியாது. இந்த நிலையில் உங்களைக் காப்பது தூரமும் பூட்டும்தான். சாவியுள்ள சுவிட்ச், கைக்கெட்டும் தொலைவில் சிவப்பு நிறுத்தப் பொத்தான், பெட்டியின் மூடி திறந்தால் மின்சாரம் அறுபடும் சுவிட்ச் ஆகிய மூன்றும் இல்லாமல் ஓட்டாதீர்கள். தனியாக இருக்கும்போதும் ஓட்டாதீர்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் வீட்டில் இருந்தால் இந்தக் கருவி அங்கே ஓடக்கூடாது.

துணைச் சுருளின் அடிமுனைக்கு வீட்டு எர்த்தைப் பயன்படுத்தினால் அதிர்வலைகள் அடுக்ககம் முழுவதும் பரவி, பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியைக் கெடுக்கும். தரைத்தளத்தில் இருப்பவர்கள் தனிக் கம்பி ஒன்றை மண்ணில் அடிக்கலாம். மார்ச், ஏப்ரலில் செம்மண் காய்ந்திருக்கும்போது சுற்றிலும் தண்ணீர் ஊற்றுங்கள். மேல்தளத்தில் இருப்பவர்கள் சுருளுக்குக் கீழே அகலமான உலோக வலையை விரித்து அதோடு இணைக்கலாம்.

முதல் ஓட்டம்

முதலில் மோட்டார் மட்டும், கவசத்துக்குள், கால் மணி நேரம். சத்தம் மாறுகிறதா, பெட்டி அதிர்கிறதா என்று கவனியுங்கள். நிறுத்தி, எல்லா நட்டுகளையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள். அடுத்து மோட்டார் 1500-இல் பூட்டிய பிறகு, டிம்மர்ஸ்டாட் வழியாக டிரான்ஸ்ஃபார்மருக்கு மின்சாரத்தை மெல்ல ஏற்றுங்கள். வரிசை முக்கியம்: எப்போதும் மோட்டார் முதலில், உயர் மின்னழுத்தம் பிறகு. நிறுத்தும்போது உயர் மின்னழுத்தம் முதலில், மோட்டார் கடைசியில். வட்டு நின்றிருக்கும்போது டிரான்ஸ்ஃபார்மருக்கு மின்சாரம் போனால் பாதுகாப்பு இடைவெளி ஒன்றுதான் அதைக் காக்கும்.

பாதி மின்னழுத்தத்தில் வைத்து மோட்டார் உடலைத் திருப்பிப் பொருத்தத் தொடங்குங்கள். அதற்கு ஒவ்வொரு முறையும் நிறுத்தித் திறக்க வேண்டும். அலுப்பாக இருக்கும், ஆனால் ஓடும்போது கை வைக்கும் வழியைத் தேடாதீர்கள். ஃபேஸ் தவறாக இருந்தால் ஒலி கரகரப்பாகவும் சீரற்றும் இருக்கும், பாதுகாப்பு இடைவெளி அடிக்கடி வெடிக்கும். சரியானதும் ஒலி ஒரே சுருதியில் நிலைத்து, பாதுகாப்பு இடைவெளி அமைதியாகும். துணைச் சுருளின் உச்சியிலிருந்து கிளம்பும் பொறி நீளும். ஒத்ததிர்வு நன்றாக அமைந்த சுருளில், இந்த 250 வாட்டுக்கு 60, 70 செ.மீ. நீளப் பொறியை எதிர்பார்க்கலாம். முழு மின்னழுத்தத்துக்குப் போவது அதற்குப் பிறகுதான்.

சன்னல்களைத் திறந்து வையுங்கள். பொறி ஓசோனையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் உண்டாக்குகிறது. மூடிய அறையில் தொண்டை எரியத் தொடங்கினால் நேரம் ஏற்கெனவே கடந்துவிட்டது. காதுக்கு அடைப்பான் போடுங்கள். ஒரு ஓட்டத்துக்கு ஓரிரு நிமிடம் போதும். பிறகு நிற்கும் மின்முனைகள் ஆறட்டும்.

டங்ஸ்டன் நுனிகள் தேய்ந்து வட்டமாகும். இடைவெளி விரிந்து பாதுகாப்பு இடைவெளி மறுபடி வெடிக்கத் தொடங்குவதே அதன் முதல் அறிகுறி. அப்போது பாதுகாப்பு இடைவெளியை மேலும் விரிக்காதீர்கள். அதைத் தொடாமல், நிற்கும் முனைகளை ஃபீலர் கேஜ் வைத்து மறுபடி 0.8 மி.மீ.க்குக் கொண்டுவாருங்கள். சுழலும் கம்பிகளில் ஒன்று மட்டும் தேய்ந்திருந்தாலும் நான்கையும் ஒன்றாக மாற்றி, தராசில் நிறுத்து, கத்தி விளிம்பில் மறுபடி சமன் பாருங்கள்.